புது விண்டோஸ் போடும் முன் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள்

மாமாவின் போட்டோ ஸ்டூடியோ பினாங்கு லிட்டில் இந்தியாவில், கடைத்தெருவை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் என்று பல வருஷமாக அவர் எடுத்த படமெல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரில்தான். 2025 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா போன் செய்தார். "பாப்பா, விண்டோசே வரலம்மா. கறுப்பா இருக்கு, இங்கிலீஷ்ல ஒரு வரி மட்டும் நிக்குது." படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று இருந்தது, விண்டோசைத் திறக்கிற டிஸ்க்கைக் காணோம் என்று அர்த்தம். ஆவணியில் நடந்த கல்யாணம் ஒன்றின் ஆல்பம் தீபாவளிக்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டும், பாதி வேலைதான் முடிந்திருந்தது. அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் நான்தான், மூன்று வாரத்துக்கு முன்னால் நான் செய்த இன்ஸ்டால்.

என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன். வீட்டில் ஒன்றுக்கு மேல் ஹார்ட் டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும், ஏனென்றால் இந்தத் தப்பு நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்பதால் அதற்குள் 11-க்கு மாற்றிவிடலாம் என்று நான்தான் மாமாவிடம் சொன்னேன். மெஷின் 2019-இல் வாங்கியது, இன்டெல் ஒன்பதாம் தலைமுறை, அதனால் விண்டோஸ் 11 ஏற்கும். மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற பயாசில், டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் மட்டும் அணைந்திருந்தது, இன்டெல் போர்டுகளில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். உள்ளே ஏற்கெனவே மூன்று டிஸ்க்: விண்டோஸ் 10 இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க், 4 டிபி ஹார்ட் டிஸ்க். கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஒரு கடையில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் சொருகுகிற வேகமான வகை) ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், புது விண்டோஸ் அதில்தான் போக வேண்டும் என்பது திட்டம். அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. அத்தை இலை போட்டுச் சாப்பாடு வைத்தார், சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வேலையை ஆரம்பித்தோம்.

"பேக்கப் இருக்கா மாமா?" என்று கேட்டேன். "இருக்கும்மா, டி-ல எடுக்கிறத எல்லாம் இ-லயும் ஒரு காப்பி போட்டுடுவேன்" என்றார். பார்த்தால் டியும் இயும் ஒரே 4 டிபி டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். ஒரு டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தால் திரையில் இரண்டு டிரைவ் தெரியும், ஆனால் உள்ளே டிஸ்க் ஒன்று, மோட்டார் ஒன்று, போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மாமா வருஷக்கணக்காக இதை நம்பி இருந்திருக்கிறார். அன்று இன்ஸ்டாலை நிறுத்திவிட்டு, வெளியே சொருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்து எல்லாவற்றையும் காப்பி எடுத்தோம். அதற்கே ராத்திரி முழுக்க ஆனது. அந்த டிஸ்க்கை ஸ்டூடியோவில் வைக்காமல் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் அந்த இரண்டு நாளில் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் கேசைத் திறந்து, எம்.2 ஸ்லாட்டில் புது எஸ்எஸ்டியைச் சொருகி ஒரு சின்ன ஸ்க்ரூவால் இறுக்கி, ஆன் செய்தால் 2 டிபி டிஸ்க்கைக் காணோம். பயாசிலேயே இல்லை. மாமா ஒன்றும் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதில் பழைய தைப்பூசப் படங்கள் இருந்தன, வெள்ளி ரதம் மட்டும் ஓடிய காலத்துப் படங்கள், பினாங்கில் தங்க ரதம் வந்தது 2017-இல்தான். காப்பி கையில் இருந்தும் எனக்குக் கை நடுங்கியது. மதர்போர்டு புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் டிஸ்க் கேபிள் மாட்டுகிற சாட்டா போர்ட்டுகளில் குறிப்பிட்ட ஒன்று தானாக அணைந்துவிடும், இரண்டும் ஒரே பாதையைப் பங்குபோடுவதால். புத்தகத்தில் அதற்கென்று ஒரு அட்டவணையே இருக்கிறது. கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினேன், டிஸ்க் வந்துவிட்டது. புது எம்.2 போட்டதும் பழைய டிஸ்க் ஒன்று மறைந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

அதற்கு அப்புறம்தான் நான் அவசரப்பட்டேன். எல்லா டிஸ்க்கும் மாட்டியபடியே பென்டிரைவிலிருந்து விண்டோஸ் இன்ஸ்டாலை ஓடவிட்டேன். எங்கே போடுவது என்று கேட்கும் பட்டியலில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று நம்பர் வரும். நான் நினைத்தது விண்டோஸ் 10 இருக்கிற எஸ்எஸ்டிதான் 0 என்று. இல்லை, 4 டிபிதான் 0, புது என்விஎம்இ 3. அந்த நம்பர், கேபிள் எந்த போர்ட்டில் இருக்கிறது, பயாஸ் எதை முதலில் கண்டது என்பதைப் பொறுத்தது, கேபிளை மாற்றினால் நம்பரும் மாறும். அளவை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் 4 டிபி 3726 ஜிபி என்றும், 2 டிபி 1863 என்றும், 1 டிபி 931 என்றும், 240 ஜிபி 223 என்றும் காட்டும். 931 எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது. ‘அன்அலோகேட்டட்’ என்று காலியாக இருந்த அதைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன், விண்டோசும் அதில்தான் ஏறியது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, முன்பைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்தது, மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால் பழைய பயாசுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் ஓடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கும் இடம் வேறு, விண்டோசைத் தட்டி எழுப்பும் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. அந்த இரண்டாவது இடத்துக்கு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர், வழக்கமாக 100 எம்பி அளவில் ஒரு குட்டிப் பகுதி, சாதாரணமாகக் கண்ணில் படாது. இன்ஸ்டால் செய்யும்போது வேறொரு டிஸ்க்கில் அப்படி ஒரு பகுதி ஏற்கெனவே இருந்தால், விண்டோஸ் பல நேரம் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அந்தப் பழையதிலேயே தன் பூட் கோப்புகளை எழுதிவிடும். நம்மிடம் கேட்காது, சொல்லவும் சொல்லாது. மாமாவின் புது விண்டோஸ் 1 டிபியில் இருந்தது, அதை எழுப்புகிற சாவி பழைய 240 ஜிபி எஸ்எஸ்டியில் இருந்தது. இரண்டும் மாட்டியிருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது.

இன்ஸ்டால் முடிந்த உடனே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற எழுத்து எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் இதைப் படித்து முடித்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள். சி டிரைவ் இருக்கும் அதே வரிசையில் அது இருந்தால் நல்லது. வேறு வரிசையில் இருந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றவோ ஃபார்மட் செய்யவோ கூடாது.

நான் பார்க்கவில்லை. அன்று என் கவனம் வேறொன்றில் போய்விட்டது. புது விண்டோஸ் டிரைவ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்குக் கொடுத்திருந்தது, முன்பு டி ஆக இருந்தது இப்போது எஃப். மாமா படங்களைத் திருத்துகிற லைட்ரூம் சாஃப்ட்வேரைத் திறந்ததும் எல்லா ஃபோல்டர் பக்கத்திலும் கேள்விக்குறி. படங்கள் எங்கும் போகவில்லை, லைட்ரூம் பழைய எழுத்தில் தேடுகிறது, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்தை மாற்றிக் கொடுத்ததும் சரியானது. இதற்கு என் பழக்கம், படம் வைக்கிற டிஸ்க்குகளுக்கு டபிள்யூ, எக்ஸ் என்று கடைசி எழுத்துகளாகக் கொடுத்துவிடுவது. கேமரா கார்டும் பென்டிரைவும் சொருகும்போது முன்னால் உள்ள எழுத்துகளை எடுத்துக்கொள்ளும், இவற்றோடு மோதாது. எழுத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மற்ற சாஃப்ட்வேரைத் திறப்பது நல்லது.

சில நாள் கழித்து, சும்மா கிடக்கிறதே என்று அந்த 240 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றி மாமா பையனின் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். அதில் புதிதாக விண்டோஸ் ஏற்றியபோது பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்தேன். நான் மெஷினை அணைத்து எஸ்எஸ்டியைக் கழற்றிய நாளில் மாமா வெளியூரில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ஆன் செய்த ராத்திரிதான் அந்த போன்.

நான் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். அக்டோபர் மழை, மோட்டாரில் நனைந்துகொண்டே போனேன். போகிற வழியெல்லாம் என்ன விட்டோம் என்று யோசித்துக்கொண்டே வந்தவள், மாடிப்படி ஏறும்போது அந்த எஸ்எஸ்டி ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். திரும்ப இன்ஸ்டால் செய்யலாம்தான், ஆனால் மாமாவின் எல்லா சாஃப்ட்வேரும், பிரிண்டர் கலர் அமைப்பும், ஆல்பம் டிசைனும் சி டிரைவில் இருந்தன. விண்டோசுக்கு ஒரு குறையும் இல்லை, சாவிதான் இல்லை, புதுச் சாவி செய்தால் போதும்.

செய்தது இதுதான். முதலில் 4 டிபி, 2 டிபி இரண்டின் சாட்டா கேபிளையும் பிடுங்கினேன், இப்போது தப்பு செய்ய வேறு டிஸ்க் இல்லை. விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப் 10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளை எழுதும் கறுப்புச் சன்னல் வரும். அங்கே டிஸ்க்கைப் பிரிக்கிற டிஸ்க்பார்ட் கருவியை ஓட்டி, லிஸ்ட் டிஸ்க், லிஸ்ட் வால்யூம் இரண்டையும் பார்த்தேன். இந்த இடத்தில் கவனம் வேண்டும்: இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து பார்க்கும்போது உங்கள் சி டிரைவுக்கு சி என்ற எழுத்தே இருக்கும் என்று உறுதி இல்லை. எழுத்தை நம்பாமல் அளவையும், உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். அந்த வால்யூமை ஷ்ரிங்க் கட்டளையால் 500 எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, அதற்கு எஸ் என்று எழுத்து கொடுத்தேன். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, பூட் கோப்பு எங்கே போக வேண்டும் என்று இரண்டையும் சொல்லி, முறை யூஇஎஃப்ஐ என்று குறிப்பிட்டேன். ‘பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்’ என்று ஒரு வரி வந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தேன், மாமா பின்னால் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார், விண்டோஸ் வந்துவிட்டது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அத்தை கோப்பி போட்டு வந்தார்.

இதில் இன்னொரு ஆபத்து இருந்தது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் சி டிரைவைத் தானாகவே பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதியால் பூட்டிவிடுகின்றன. அப்படிப் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. நல்லவேளை, இன்ஸ்டால் செய்த அன்றே அதை நிறுத்தியிருந்தேன். நீங்கள் நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, லேப்டாப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் டிஸ்க்கையோ பயாசையோ தொடுவதற்கு முன்னால் அந்தக் கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அம்மா 90களில் பாயான் லெப்பாசில் ஹார்ட் டிஸ்க் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பில், மைக்ரோஸ்கோப்பில், டிஸ்க்கில் எழுதிப் படிக்கிற தலையைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ஒரு தூசி நுழைந்தால்கூடப் போச்சு என்பார். அம்மா என்னைத் திட்டவில்லை. "எங்க லைன்ல ஒரு டிரே நகரணும்னா முதல்ல அதுல நம்பர் ஒட்டியிருக்கணும், இல்லாட்டி சூப்பர்வைசரே கேட்டாலும் கை வைக்க மாட்டோம். நீ ஒட்டினியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஒட்டுகிறேன். கேசைத் திறந்ததும் முதல் வேலை மாஸ்கிங் டேப். ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் சீரியல் நம்பர் இருக்கும், அதன் கடைசி நாலு எழுத்தை டேப்பில் எழுதி டிஸ்க் மேலேயும், அதில் போகிற கேபிள் நுனியிலும் ஒட்டுவேன். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் அதே சீரியலைத் திரையில் காட்டும், எந்த எழுத்து எந்த டிஸ்க் என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம், டிஸ்க்கின் உடல்நிலையும் அதிலேயே தெரியும். ஒரே அளவில் ஒரே மாடல் இரண்டு இருந்தால் சீரியல் தவிர வேறு வழியே இல்லை.

அப்புறம் மெஷினை அணைத்து, சுவிட்சையும் அணைத்து, விண்டோஸ் போகப்போகிற டிஸ்க் தவிர மற்ற எல்லாவற்றின் சாட்டா கேபிளையும் கழற்றிவிடுவேன். டேட்டா கேபிள் மட்டும் போதும், பவர் வயரைத் தொட வேண்டியதில்லை. பவர் வயரைப் பற்றி ஒன்று: கழற்றி மாட்டுகிற வகை பவர் சப்ளையாக இருந்தால், வேறு பவர் சப்ளையோடு வந்த வயரை எடுத்து இதில் சொருகாதீர்கள். டிஸ்க் பக்கத்து முனை ஒன்றுபோலத்தான் இருக்கும், பவர் சப்ளை பக்கத்து முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஆன் செய்த நொடியில் மாட்டியிருக்கிற டிஸ்க் எல்லாம் எரிந்துபோகலாம். இரண்டு எம்.2 இருந்தால் கழற்றச் சிரமம்தான், இருந்தாலும் ஒரு ஸ்க்ரூதானே, கழற்றுங்கள். சில பயாசில் ஸ்லாட்டையோ சாட்டா போர்ட்டையோ அணைத்து வைக்கிற வசதியும் உண்டு. மாறாக, புது எஸ்எஸ்டியே இன்ஸ்டால் பட்டியலில் வரவில்லை என்றால், இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த மெஷின்களில் பெரும்பாலும் விஎம்டி என்ற அமைப்புதான் காரணம், அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் போட்டுக் காட்டினால் வரும்.

இன்ஸ்டால் முடிந்து, ஒருமுறை அணைத்துத் திறந்து பார்த்த பிறகு, மற்ற டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டுவேன். அப்போது விண்டோஸ் ‘இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா’ என்றோ ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்றோ கேட்டால், படம் இருக்கிற டிஸ்க்காக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷினை அணையுங்கள். பெரும்பாலும் கேபிள் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும். புத்தம் புது டிஸ்க் என்றால் செய்யலாம், பார்ட்டிஷன் முறையாக ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழைய எம்பிஆர் முறை வழக்கமான டிஸ்க்குகளில் 2 டிபிக்கு மேல் பார்க்காது.

என் வீட்டு மெஷினில் ஒரு டிஸ்க்கில் விண்டோஸ், இன்னொன்றில் உபுண்டு லினக்ஸ். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரும் பூட் கோப்புகளை நாம் சொன்ன டிஸ்க்கில் போடாமல் முதலில் கண்ட டிஸ்க்கில் போட்ட அனுபவம் எனக்கு உண்டு, அதனால் அங்கேயும் கழற்றித்தான் போடுகிறேன். லினக்சில் டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் எழுதி வைக்காமல் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணில் எழுதுங்கள், எப்போதும் மாட்டியிருக்காத டிஸ்க்குக்கு நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இல்லாத நாளில் மெஷின் பாதியில் நின்றுவிடும். முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கிற விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைக்க வேண்டும், அது ஆனில் இருந்தால் லினக்ஸ் விண்டோஸ் பக்கத்து டிஸ்க்கில் எழுத முடியாமல் போகும்.

ஆல்பம் தீபாவளிக்கு முந்தின வாரமே அச்சுக்குப் போய்விட்டது. இப்போது மாமா இன்னொரு 4 டிபி வாங்கியிருக்கிறார், முன்பு இருந்த அதே மாடல். இரண்டையும் ரெய்டில் போட்டால் ஒன்று மற்றதன் கண்ணாடி போல இருக்குமாமே, அப்புறம் பேக்கப் எதற்கு என்று கேட்டார். ஒரு டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும், நீங்கள் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் கண்ணாடியிலும் அந்த நொடியே அழியும் மாமா என்றேன். சரி என்று விட்டுவிட்டார். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: புது டிஸ்க், மேலே மாஸ்கிங் டேப், அதில் மாமாவின் கையெழுத்தில் நாலு எழுத்து. கீழே, "எந்த போர்ட்ல சொருகட்டும்?" மதர்போர்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு, நாலாவது என்று பதில் போட்டேன்.